விவாகரத்துக்குப் பிறகும் வாய்தா: கொடுமை செய்த முன்னாள் கணவனை நீதிமன்றத்தில் எதிர்கொள்வது

விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் பெண்கள் அதிகம். முடிவது திருமணம் மட்டும்தான். ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது, அவன் வந்து பிள்ளையைப் பார்க்கும் நேரம், திரும்பி வராத நகை, முன்பு கொடுத்த புகாரில் நடக்கும் குற்ற வழக்கு, தீர்ப்பை எதிர்த்து அவன் போடும் மேல்முறையீடு என்று ஏதாவது ஒன்று அநேகமாக எல்லோருக்கும் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு எண் உண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி வாய்தா உண்டு. அடித்து, மிரட்டி, வருடக்கணக்கில் அவமானப்படுத்தியவனிடமிருந்து பிரிந்து வந்த பிறகு, அவனை மறுபடி மறுபடி பார்த்தே ஆக வேண்டிய இடமாக நீதிமன்றம் ஆகிவிடுகிறது.

அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அதில் ஏறக்குறைய எதுவும் தானாக வருவதில்லை. எழுதிக் கேட்டால் மட்டுமே வருகிறது. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். படித்த பெண்கள், வேலைக்குப் போகிற பெண்கள், நர்சுகள், ஆசிரியைகள்கூட நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் யாரோ சொல்கிற இடத்தில் உட்கார்ந்து, கூப்பிடும்போது எழுந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். இது அவர்களுடைய குறை அல்ல. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இந்த மாவட்டத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. முதலாவது அளவு. 1,672 சதுர கிலோமீட்டருக்குள் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மாவட்ட நீதிமன்றமும் குடும்ப நல நீதிமன்றமும் நாகர்கோவிலில் இருக்கின்றன. இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி ஆகிய ஊர்களிலும் நீதிமன்றங்கள் உண்டு. மார்த்தாண்டத்திலிருந்து அவள் ஏறுகிற நாகர்கோவில் பஸ்ஸில் அவனும் ஏறலாம். அவனுடைய சித்தப்பா மகன் வேறொரு சொத்து வழக்குக்காக அதே வராந்தாவில் நிற்கலாம். சென்னை போன்ற பெருநகரத்தில் கூட்டத்தோடு கலந்துவிட முடியும். இங்கே முடியாது.

இரண்டாவது, எந்தச் சட்டம் என்பது. மாவட்ட மக்களில் ஏறக்குறைய 47 சதவீதம் கிறிஸ்தவர்கள், 49 சதவீதம் இந்துக்கள், 4 சதவீதம் முஸ்லிம்கள் என்கிறது 2011 கணக்கெடுப்பு. இந்துவுக்கு 1955-ம் வருட இந்து திருமணச் சட்டம். கிறிஸ்தவருக்கு 1869-ம் வருட விவாகரத்துச் சட்டம். கணவன் செய்கிற கொடுமையை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு கிறிஸ்தவப் பெண் விவாகரத்து கேட்கும் வழி 2001 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் கொடுமையோடு சோரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும், அல்லது சோரத்தோடு இரண்டு வருடமாவது கைவிட்டுப் போனதை நிரூபிக்க வேண்டும். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய பல பெண்கள் பிரியாமலேயே காலத்தைத் தள்ளியதற்கு ஊர்ப் பேச்சு மட்டும் காரணம் அல்ல, சட்டமும் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை.

இன்னொரு விஷயம். திருச்சபையின் தீர்ப்பாயம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று சொல்லலாம். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது பழக்கமான வழி. ஆனால் நாட்டின் சட்டத்துக்கு முன்னால் அந்த உத்தரவு திருமணத்தை ரத்து செய்யாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பங்குத்தந்தை முன்னிலையிலோ ஊர் கமிட்டி முன்னிலையிலோ எழுதி வாங்கிய பிரிவுத் தாளும் அப்படித்தான். இதை நம்பி வழக்கு போடாமல் இருந்துவிட்டு, பிறகு ஜீவனாம்சம் கேட்கும்போது அவன் வேறு கதை சொல்வதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

மூன்றாவது, எல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே அரசின் கீழ் இருந்த மண் என்பதால் அந்தப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சர்வசாதாரணம். பிரிந்த பிறகு அவன் திருவனந்தபுரத்தில் வழக்கு போட்டால், குழந்தையை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே போக வேண்டும், அவனுடைய ஊரில், அவனுடைய ஆட்கள் நடுவில். தமிழ்நாட்டுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வழக்கை மாற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போதும். வேறு மாநிலத்திலிருந்து மாற்ற வேண்டுமானால் டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு டெல்லியில் மனு! இப்படிப்பட்ட மாற்றல் மனுக்களில் பொதுவாக மனைவியின் வசதியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

இங்கேயும் இந்துப் பெண்ணுக்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது. 2003 திருத்தத்துக்குப் பிறகு இந்து மனைவி தான் இப்போது இருக்கிற ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம். கிறிஸ்தவருக்கான சட்டத்தில் அந்த வசதி இல்லை. திருமணம் நடந்த இடம், இருவரும் வசிக்கும் இடம், அல்லது கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. கிறிஸ்தவர்கள் பாதிப் பேர் இருக்கிற மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல. இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது 2005-ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம். அதன் 27-ம் பிரிவின்படி அவள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவரிடமே (மாஜிஸ்திரேட்) மனு கொடுக்கலாம், மதம் எதுவானாலும். அம்மா வீடு குழித்துறையில் என்றால் குழித்துறையில்.

விவாகரத்து ஆன பிறகு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஒரே வீட்டில் குடும்ப உறவில் இருக்கிற அல்லது இருந்த பெண் என்றுதான் சட்டம் சொல்கிறது. திருமணம் நிலுவையில் இருந்தபோது நடந்த வன்முறைக்கு அவன் சொல்ல வேண்டிய பதிலைப் பிறகு வந்த விவாகரத்து அழித்துவிடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வருடத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும் என்ற காலக்கெடுவும் பொருந்தாது என்று 2022-ல் சொன்னது. எல்லா வழக்குக்கும் இது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருவரும் சம்மதித்து வாங்கிய விவாகரத்தைப் பிறகு அவளே போலி என்று சொன்ன ஒரு வழக்கில், 2011-ல், அதே உச்ச நீதிமன்றம் அவளுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

அதனால் சம்மத விவாகரத்தில் கையெழுத்துப் போடும் தாளை வரி வரியாகப் படிக்க வேண்டும். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரிக்குப் பிற்காலத்தில் பெரிய விலை கொடுக்க நேரும். பிள்ளையின் ஜீவனாம்சத்தைத் தாய் அப்படி எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது மட்டும் ஒரு காப்பு.

சரி, நீதிமன்றத்துக்கு வருவோம். உள்ளே நடப்பதைவிட வெளியே காத்திருக்கும் நேரமே பலருக்குப் பயமானது. காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருப்பார்கள், பெயர் கூப்பிடுவது பன்னிரண்டுக்கோ மூன்றுக்கோ இருக்கலாம். அத்தனை நேரமும் வராந்தாவிலோ மரத்தடியிலோ நிற்க வேண்டும். நீதிபதி இல்லாத அந்த இடத்தில்தான் அவன் அருகே வந்து நிற்கிறான், முறைக்கிறான், பிள்ளையின் பெயரைச் சொல்லி மெதுவாக ஒரு வார்த்தை பேசுகிறான். அந்த வார்த்தையின் அர்த்தம் அவளுக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அது சாதாரணப் பேச்சாகக் கேட்கும். ‘நல்லாத்தானே பேசுறான், நீதான் முகத்தைத் திருப்புற’ என்று அவளுடைய சொந்தக்காரர்களே சொல்லிவிடுவார்கள். வருடக்கணக்கில் பயத்தோடு வாழ்ந்த உடம்பு அந்தக் குரலைக் கேட்டதும் நடுங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உள்ளே போய்ச் சாட்சி சொல்லும்போது தேதி மாறுவதும் வார்த்தை வராமல் போவதும் அந்த நடுக்கத்தால்தான். வழக்கில் அதைப் பொய் என்று எழுதப் பார்க்கிறார்கள்.

இதற்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ம் பிரிவு உதவும். அந்தப் பிரிவில் வாங்கும் பாதுகாப்பு உத்தரவு, வீட்டுக்கு வரக் கூடாது என்பதோடு நிற்க வேண்டியதில்லை. போன், கடிதம், நேர்ப்பேச்சு என எந்த வகையிலும் தொடர்புகொள்ளத் தடை கேட்கலாம், அவள் வேலை செய்யும் இடத்துக்கு வரத் தடை கேட்கலாம். நடுவர் குறிப்பிட்டுச் சொல்லும் வேறு எந்தச் செயலையும் தடுக்க அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது. ‘வழக்கு நாட்களில் நீதிமன்ற வளாகத்திலும் போக வரும் வழியிலும் மனுதாரரிடம் நேரடியாகவோ பிறர் மூலமாகவோ பேசக் கூடாது’ என்ற வரியை மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். உத்தரவில் அது ஏறிவிட்டால் மீறுவது குற்றம். 31-ம் பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம், ஜாமீன் கொடுப்பது நீதிமன்றத்தின் கையில். அவளுடைய சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே மீறல் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று 32-ம் பிரிவு சொல்கிறது. நாலு பேர் இல்லாத நேரம் பார்த்து மிரட்டுகிறவனுக்கு எதிராக எழுதப்பட்ட பிரிவு அது. அதை இன்னும் அதிகம் பயன்படுத்த வேண்டும்.

எல்லா வாய்தாவுக்கும் அவள் நேரில் வர வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் வழக்கு தள்ளிப் போகத்தான் செய்கிறது, அதற்கு வக்கீல் போனால் போதும். ஆற்றுப்படுத்தல், சமரசப் பேச்சு, சாட்சியம் ஆகிய நாட்களில் அவள் வேண்டும். குற்ற வழக்கில் அவள் சாட்சி, சம்மன் வரும்போது போனால் போதும். பல வக்கீல்கள் ‘எதற்கும் வந்துடுங்கம்மா’ என்பார்கள். எதற்கு என்று கேளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்குக்கென்று தரப்பட்ட 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த தேதியும் எந்தக் கட்டம் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது மூடிய அறை விசாரணை. குடும்ப நல நீதிமன்றத்தில் இருவரில் ஒருவர் கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும், 1984-ம் வருடக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11-ம் பிரிவு அப்படிக் கட்டாயமாகச் சொல்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 16-ம் பிரிவில் அது நடுவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஒரே ஊரிலிருந்து வந்த நாலு பேர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் இந்த மாவட்டத்தில் முதல் நாளே இதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஆனால் மூடிய அறை வெளியே நிறுத்துவது ஊரைத்தான். அவன் உள்ளேதான் இருப்பான், சில அடி தூரத்தில்.

அப்புறம் குறுக்கு விசாரணை. உரிமையியல் வழக்கில் அவளுடைய முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாக எழுத்தில் போய்விடும். ஆகவே கூண்டில் ஏறும்போது அவள் சந்திப்பது பெரும்பாலும் எதிர்த் தரப்புக் கேள்விகளை மட்டும்தான். அந்தக் கேள்விகளின் போக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. யாரிடம் போன் பேசினாய், ஏன் வேலைக்குப் போனாய், உன் அம்மாதானே குடும்பத்தைக் கெடுத்தது, அப்போதே ஏன் புகார் கொடுக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு வழக்கில் இடம் உண்டு, அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மற்றவற்றில் பல அவமதிக்க மட்டுமே கேட்கப்படுபவை. அவமதிக்கவோ எரிச்சலூட்டவோ கேட்பதாகத் தோன்றும் கேள்வியை, கேட்கும் விதத்திலேயே தேவையின்றிப் புண்படுத்தும் கேள்வியை, நீதிமன்றம் தடுத்தே ஆக வேண்டும். இந்த விதி பழைய சாட்சியச் சட்டத்தில் 152-ம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் 155-ம் பிரிவாகத் தொடர்கிறது. தடுக்கலாம் என்று இல்லை, தடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அந்த நொடியில் அவளுடைய வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருக்கும் வக்கீலால் அந்தப் பிரிவுக்குப் பயன் இல்லை.

கேள்வி கேட்பது அவனே என்றால் என்ன செய்வது? இது நடக்கிறது. குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமை அல்ல, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 1984 சட்டத்தின் 13-ம் பிரிவு. நடைமுறையில் அனுமதி தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ‘என் வழக்கை நானே நடத்துகிறேன்’ என்று சொல்பவனைத் தடுக்கும் பிரிவு எதுவும் இல்லை. யாருடைய குரலைக் கேட்டு அவள் வீட்டை விட்டு ஓடினாளோ, அதே குரல் எதிரே நின்று, ‘நான் உன்னை அடித்தேன் என்கிறாயே, எந்தக் கையால் அடித்தேன்?’ என்று கேட்கலாம். அவள் பதில் சொல்ல வேண்டும், சட்டப்படி. இதைவிடக் கொடிய ஒரு ஏற்பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இங்கிலாந்தில் 2021-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இதை நிறுத்தியது. அத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, தேவைப்பட்டால் நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை அமர்த்திக் கேள்விகளைக் கேட்க வைக்கும். இந்தியாவில் அப்படி ஒரு தடை வர வேண்டும். அதுவரை இருப்பதை வைத்துத்தான் கேட்க வேண்டும், இருப்பது ஒன்றுமில்லாமல் இல்லை. 2004-ல் உச்ச நீதிமன்றம் பாலியல் குற்ற வழக்குகளுக்குச் சில வழிமுறைகளைச் சொன்னது: சாட்சிக்கும் எதிரிக்கும் நடுவே திரை போடலாம், சம்பவம் பற்றிய குறுக்குக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுத்து, அவரே புரியும்படியும் கூச வைக்காத மொழியிலும் கேட்கலாம், சாட்சிக்குத் தேவையான இடைவேளை தரலாம். குடும்ப வழக்குக்கு அது நேரடியாகக் கட்டளை இல்லை. ஆனால் குடும்ப நல நீதிமன்றம் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ள 10-ம் பிரிவு அனுமதிக்கிறது, நடுநிலை வழக்கறிஞர் ஒருவரின் உதவியைப் பெற 13-ம் பிரிவு அனுமதிக்கிறது. இந்த மூன்றையும் காட்டி, ‘எதிர்மனுதாரர் கேள்விகளை எழுதித் தரட்டும், நீதிமன்றம் கேட்கட்டும்’ என்று ஒரு மனு போட முடியும். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்படக்கூடிய சாட்சி என்பதன் வரையறையை விரித்து, நீதிமன்றம் அப்படிக் கருதும் யாரையும் அதில் சேர்க்கலாம் என்று வைத்தது, அவர்கள் சாட்சி சொல்லத் தனி மையங்கள் அமைக்கவும் உத்தரவிட்டது. அதையும் மனுவில் எழுதலாம்.

அவனை அறையை விட்டே அனுப்பிவிட முடியாதா என்றால், முடியாது. தனக்கு எதிரான சாட்சியத்தைக் கேட்கவும் அதைச் சோதிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாவிட்டால் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்காது, அதன் நஷ்டமும் அவளுக்குத்தான். அவள் கேட்பது அந்த உரிமையைப் பறிப்பதை அல்ல. தன் முகத்துக்கு நேரே நின்று அதை அவன் செய்யக் கூடாது என்பதைத்தான்.

கூண்டில் நிற்கும்போது கேள்வி எங்கிருந்து வந்தாலும் பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லலாம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்றே சொல்வது நல்லது, ஊகித்துச் சொன்ன தேதி பின்னால் கழுத்தைப் பிடிக்கும். இங்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் அவள் சொல்வதை எழுத்துத் தமிழில் தட்டச்சு செய்வார்கள். அந்த மாற்றத்தில் ‘தள்ளினான்’ என்பதற்கும் ‘தள்ளப் பார்த்தான்’ என்பதற்கும் உள்ள தூரம் காணாமல் போகலாம். சாட்சியம் முடிந்ததும் அதைப் படித்துக் காட்டச் சொல்லி, தவறு இருந்தால் திருத்தக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்று அவசரப்படுத்தினாலும் படித்தே போட வேண்டும்.

காணொலி மூலம் ஆஜராவது இன்னொரு வழி. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், சமரச முயற்சி தோற்ற பிறகு, இருவரும் சம்மதித்தால்தான் குடும்ப வழக்குகளில் காணொலி என்று கட்டுப்படுத்தியது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் அதைக் குடும்ப நல நீதிமன்றத்தின் முடிவுக்கு விட வேண்டும் என்றார். அடித்தவனின் சம்மதத்தைக் கேட்டுத்தான் அடிபட்டவள் தூரத்திலிருந்து பேசலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை, சந்திரசூட் சொன்னதே நியாயம். பிறகு கொரோனா வந்து காணொலி விசாரணையை எல்லோருக்கும் பழக்கிவிட்டது. இன்று அதற்கான மனுவை நீதிமன்றங்கள் முன்பைவிட எளிதாக எடுத்துக்கொள்கின்றன.

இனி, வழக்கையே கருவியாக்குவது. அடிக்க முடியாதவன் மனுப் போடுகிறான். பிள்ளையைக் காட்டவில்லை என்று ஒன்று, அவள் வேலைக்குப் போவதை மறைத்தாள் என்று ஒன்று, பழைய உத்தரவை மாற்றக் கோரி ஒன்று, ஒவ்வொன்றின் மீதும் மதுரையில் மறுஆய்வு. நாகர்கோவிலிலிருந்து மதுரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அவள் ஒரு நாள் கூலியையோ விடுப்பையோ இழந்து, வக்கீல் பீஸும் கொடுத்து ஓய்ந்து போனால் அவன் நினைத்தது நடந்துவிடும். பொய்யான வழக்கு என்று தெரிந்தே போடுபவர்மீது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் விதிக்கக்கூடிய ஈட்டுத் தொகையின் உச்சவரம்பு 3,000 ரூபாய். அந்தத் தொகை யாரையும் தடுக்காது. அதனால் வேறு வழியில் இறுக்க வேண்டும். நடக்கிற எல்லா வழக்குகளின் எண்ணையும் தேதியையும் முந்தைய உத்தரவையும் ஒரே தாளில் பட்டியலிட்டு ஒவ்வொரு நீதிபதி முன்பும் வைப்பது முக்கியம். ஒரு நீதிமன்றத்துக்கு மற்றொன்றில் நடப்பது தெரியாமல் இருப்பதே அவனுக்குப் பெரிய வசதி.

பணம் தராமல் இழுப்பதும் இதே வகைதான். விவாகரத்தான, மறுமணம் செய்யாத பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவு. முஸ்லிம் பெண்ணுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ரஜ்னேஷ் எதிர் நேகா என்று வக்கீல்கள் எல்லோரும் சொல்லும் 2020 தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும், தொகையும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு ‘எனக்கு வருமானம் இல்லை’ என்பவனை மடக்க அந்தப் பிரமாணம்தான் பிடி. பாக்கித் தொகைக்கு ஒரு வருடத்துக்குள் நிறைவேற்று மனு போட வேண்டும், விட்டுவிட்டால் அந்தப் பிரிவில் வாரண்ட் கேட்க முடியாமல் போகும். ஒரு மாத பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம், சிறைக்குப் போனதால் பாக்கி தீர்ந்துவிடாது.

நகை பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் பவுன் கணக்கில்தான் கல்யாணமே பேசப்படுகிறது. போட்ட நகை மாமியார் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ போய் உட்கார்ந்துவிடும். அது அவளுடைய சொத்து. 2024 ஏப்ரலில் ஒரு கேரளப் பெண்ணின் வழக்கில், 89 பவுனைத் திருப்பித் தராத கணவர் 25 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்றது. கல்யாண ஆல்பத்தையும் நகைக்கடை ரசீதையும் பத்திரமாக வையுங்கள். மிரட்டல் மெசேஜ் வந்த போனையும் விற்றுவிடாதீர்கள், மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்று தேவைப்படும்போது அந்தப் போன் உதவும்.

பிள்ளையைப் பார்க்கும் உரிமையைத்தான் அவன் கடைசி வரை பிடித்துக்கொண்டிருப்பான். அவனோடு இருப்பது பிள்ளைக்குத் தீங்கு என்று தோன்றினால் பார்க்க அனுமதி மறுக்கக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ம் பிரிவில் நடுவருக்கு அதிகாரம் உண்டு. அந்த அளவுக்கு இல்லை என்றால், பிள்ளையை ஒப்படைப்பதும் திரும்பப் பெறுவதும் அவள் வீட்டு வாசலில் நடக்காமல், வேறொருவர் மூலம், நீதிமன்ற வளாகத்திலோ சமரச மையத்திலோ நடக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதி வாங்க வேண்டும். சமரசப் பேச்சிலும் அப்படித்தான். ஒரே மேசையில் உட்கார மாட்டேன், தனித்தனியாகப் பேசுங்கள் என்று சமரசரிடம் சொல்லலாம், அது அவர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. ‘பிள்ளைக்காகப் பொறுத்துப் போம்மா’ என்று அங்கே யாராவது சொன்னால், பொறுத்துப் போன வருடங்களின் மருத்துவமனைச் சீட்டை எடுத்து வைக்கலாம்.

இத்தனையையும் தனியாகச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பெண்ணுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஒதுக்கப்பட்ட வக்கீல் சரியில்லை என்றால் காரணம் எழுதி மாற்றித் தரச் சொல்லலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் குடும்ப வன்முறை மனுவை இலவசமாகத் தயார் செய்து நடுவரிடம் கொண்டுபோக வேண்டியவர். அவசரத்துக்கு 181. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் பாதுகாப்பு உத்தரவின் நகலை ஒன்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைத்தால், வாய்தா நாளில் ஒரு போன் செய்யும்போது முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.

இதில் பல விஷயங்களுக்குப் புதிய சட்டம் தேவை. சிலவற்றுக்கு ஒரு அறையும் ஒரு பெஞ்சும் போதும். சாட்சி சொல்ல வரும் பெண் காத்திருக்கத் தனி அறை, முன்கூட்டியே சொல்லப்படும் நேரம், அவள் பஸ் ஏறும் வரை அவனைப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்க ஒரு காவலர். இவற்றைத் தர நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, நீதிமன்ற நிர்வாகமே செய்யலாம். வக்கீல் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் இதை எழுத்தில் கேட்க வேண்டும். வழக்கில் இருக்கிற பெண்ணும் தன் அளவில் கேட்கலாம்: அடுத்த வாய்தாவுக்கு முன்னால், ஒரு பக்க மனுவில், மூடிய அறை, கேள்விகள் நீதிபதி வழியாக, எதிரே அல்லாமல் பக்கவாட்டில் இருக்கை, தனியாக வெளியேற அனுமதி. மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்ல வேண்டும். அந்த உத்தரவோடு மதுரைக்குப் போகலாம்.